ஊசி முனையில் மீண்ட உயிர்: மருத்துவர் ராபின் லாரன்ஸின் வாழ்வும் பணியும்

நீரிழிவு நோய் மனிதனின் உடலை வருத்துவதோடு நின்றுவிடுவதில்லை; அவன் உள்ளத்திலும் அச்சத்தைக் குடியேற்றிவிடுகின்றது. மாத்திரை விழுங்கும் வரையில் அமைதியாக இருக்கும் குடும்பம், இனி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறிய அளவிலேயே கலங்கிப் போகின்றது. ஊசி என்றால் நோய் முற்றிவிட்டது என்பார் சிலர். ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்பார் சிலர். ஊசி போட்ட பிறகுதான் இன்னாருக்குக் கண் போயிற்று, இன்னாருக்குக் கால் போயிற்று என்று எடுத்துக்காட்டுக் கூறுவாரும் உளர். வீட்டில் மணமாகாத பெண் இருந்தால், அவளுக்கு இந்நோய் உண்டென்பதையே மறைத்துவிடுவாரும் உளர்.

இவ்வச்சங்கள் நம் காலத்தில், நம் நாட்டில் மட்டும் தோன்றியவை அல்ல. இன்சுலின் பிறந்த நாள் தொட்டே அதனோடு உடன்பிறந்தவை. அவற்றுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே விடையாக அமைந்துள்ளது. அவர்தாம் நீரிழிவு மருத்துவ உலகம் முழுதும் நன்கறிந்த இங்கிலாந்து மருத்துவர் ராபின் லாரன்ஸ். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர் என நான்காகப் பகுத்து, அவற்றுள் நோயாளியையே முதலில் வைத்திருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அந்நான்கனுள் முதலிரண்டும் தாமேயாக நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர் லாரன்ஸ். அவர்தம் வாழ்க்கையைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

ராபர்ட் டேனியல் லாரன்ஸ் என்பது அவருடைய முழுப்பெயர். ராபின் என்றே யாவரும் அழைத்தனர். ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்குக் கரையில் உள்ள அபர்டீன் நகரில் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தூரிகைகள் செய்யும் தொழிலை நடத்தி வந்த செல்வர். மைந்தர் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் முதலில் பயின்றது மருத்துவம் அன்று. ஆங்கிலமும் பிரெஞ்சு மொழியும் ஆகும். இலக்கியம் பயின்று பட்டம் பெற்றபின், கிளாஸ்கோ நகரில் துணி வாணிகம் செய்துவந்த உறவினர் ஒருவரிடம் பணியில் சேர்ந்தார். சில வாரங்களுக்குள்ளாகவே அத்தொழில் தமக்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து, மீண்டும் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தார். இம்முறை அவர் தேர்ந்தெடுத்தது மருத்துவம்.

அத்துறையில் அவர் ஒளிர்ந்தார். உடற்கூற்றியலிலும் மருத்துவத்திலும் அறுவையிலும் தங்கப் பதக்கங்கள் பெற்றார். டென்னிஸ், ஹாக்கி ஆகிய விளையாட்டுகளில் பல்கலைக்கழகத்தின் சார்பில் களம் இறங்கினார். மாணவர் பேரவையின் தலைவராகவும் விளங்கினார். 1916ஆம் ஆண்டு சிறப்புத் தகுதியுடன் தேர்ச்சி பெற்றபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்த அவர், இந்தியாவின் எல்லைப்புறத்தில் பணியாற்றினார். அங்கே வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியதால் 1919ஆம் ஆண்டில் பணியினின்றும் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். இலண்டன் மாநகரின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அறுவை மருத்துவராகப் புகழ்பெற வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. விரைவில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் துணை அறுவை மருத்துவரானார்.

கண்ணில் பாய்ந்த எலும்புத் துணுக்கு

காதின் பின்புறத்து எலும்பில் செய்யும் அறுவையைப் பழகுவதற்காக, உயிரற்ற உடல் ஒன்றில் உளியும் சுத்தியும் கொண்டு ஒருநாள் அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அப்போது எலும்புத் துணுக்கு ஒன்று தெறித்து அவருடைய கண்ணில் பாய்ந்தது. கண் சீழ்பிடித்து வீங்கியது. மருத்துவமனையில் படுத்திருந்த அவருடைய சிறுநீரைச் சோதித்தபோதுதான், அதில் சர்க்கரை மிகுதியாக இருப்பது தெரியவந்தது. இது நிகழ்ந்தது 1920ஆம் ஆண்டில். அவருக்கு வயது 28 கூட நிறையவில்லை.

கண் பழுதுற்றது. அறுவை மருத்துவராக வேண்டும் என்ற கனவும் அத்துடன் கலைந்தது. அதனினும் கொடியது அடுத்த செய்தி. அந்நாளில் இளம் வயதில் வரும் நீரிழிவு, நாள் குறித்துக் கொடுக்கப்பட்ட மரண ஓலையாகவே கருதப்பட்டது. இதனை மருத்துவராகிய அவர் பிறரினும் நன்கு அறிந்திருந்தார்.

பட்டினி என்னும் மருந்து

இன்சுலின் தோன்றுவதற்கு முன் நீரிழிவுக்கு இருந்த ஒரே மருத்துவம் பட்டினி என்றால் இன்றைய மாணவர் வியப்படையக்கூடும். நியூயார்க்கில் ஆய்வு செய்த பிரெடரிக் ஆலன் என்னும் மருத்துவர் அம்முறையை வகுத்தார். நம் இரைப்பையின் பின்புறத்தே கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதில் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் சிறு திசுத் திட்டுகளே இன்சுலினைச் சுரக்கின்றன. உண்ட உணவினின்று இரத்தத்தில் கலக்கும் சர்க்கரை, உயிரணுக்களுக்குள் நுழைவதற்கு இன்சுலின் வழிதிறந்துவிடுகின்றது. அது சுரக்காதபோது, வெள்ளத்தின் நடுவே நாவறண்டு நிற்பவனைப்போல, சர்க்கரை நிறைந்த இரத்தத்தின் நடுவே உயிரணுக்கள் பசித்துக் கிடக்கின்றன. உடல் தன் கொழுப்பையே எரித்து, அதனால் விளையும் நச்சுப் பொருள்களால் மயக்கமுற்று மாய்கின்றது. உண்ணும் அளவைக் குறைத்தால் சர்க்கரையும் குறையும். அதனால் இறப்புச் சற்றுத் தள்ளிப்போகும். ஆலன் முறையின் அடிப்படை இதுவே. எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகள் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கூடுதலாக உயிர்வாழ்ந்தனர். பட்டினியால் சாவதா, நோயால் சாவதா என்பதே அவர்கள்முன் இருந்த தேர்வு.

லாரன்ஸும் அளந்து உண்ணும் அக்கடும் நோன்பை மேற்கொண்டார். அறுவைக் கத்தியைத் துறந்து, அதே மருத்துவமனையின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஹாரிசன் என்னும் அறிஞருடன் பணியாற்றினார். உடல் நாளுக்குநாள் மெலிந்தது. தம் முடிவு நெருங்கிவிட்டது என்று கருதிய அவர், இல்லத்தார் கண்முன்னே தேய்ந்து அவர்களுக்குச் சுமையாதல் கூடாதென எண்ணி, இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு எஞ்சிய நாள்களைக் கழிப்பதே அவர் கருத்து.

கடல் கடந்து வந்த நற்செய்தி

இதற்கிடையே கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வரலாறு திரும்பிக்கொண்டிருந்தது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் பிரெடரிக் பாண்டிங் என்னும் இளம் மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், நாயின் கணையத்தினின்று இன்சுலினைப் பிரித்தெடுக்க முனைந்தனர். காலிப் என்னும் வேதியியலார் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரித் திங்களில் லியனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. பன்னிரு நாள்கள் கழித்துச் செலுத்திய தூய்மையான சாறு அவனைச் சாவினின்றும் மீட்டது. அவ்வாய்வுக்காக 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பாண்டிங், மெக்லியாட் இருவருக்கும் வழங்கப்பட்டது.

ஆயினும் அம்மருந்து ஐரோப்பாவில் தாராளமாகக் கிடைப்பதற்குக் காலம் பிடித்தது. பிளாரன்ஸில் இருந்த லாரன்ஸுக்கு 1922-23ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மார்ச்சளி கண்டது. தொற்றுநோய் நேர்ந்தால் நீரிழிவு கட்டுமீறும் என்பது மருத்துவ உண்மை. அவ்வாறே ஆயிற்று. நரம்புகள் தளர்ந்தன; கால்கள் வலுவிழந்தன. அந்நிலையில் 1923ஆம் ஆண்டின் இளவேனிலில் ஹாரிசனிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. இன்சுலின் கைக்கு வந்துவிட்டது, அது பயன் தருகின்றது, விரைந்து திரும்புக என்பதே அதன் செய்தி. தள்ளாடும் உடலுடன் தம் மோட்டார் வண்டியில் ஐரோப்பாவைக் கடந்து இலண்டனை அடைந்தார் லாரன்ஸ். 1923 மே 31ஆம் நாள் அவர் உடலில் முதல் இன்சுலின் ஊசி ஏறியது. மாய்வதற்கென்று ஊரைவிட்டுச் சென்றவர், அவ்வூசியின் துணையால் மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

தன் உடலே ஆய்வுக்கூடம்

உயிர் மீண்டதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலேயே பணியேற்றுத் தம் வாழ்வை நீரிழிவுக்கே உரிமையாக்கினார். அந்நாளைய இன்சுலின் மருத்துவம் இன்றுபோல் எளிதன்று. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்ய வேண்டும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும். விரல்நுனி இரத்தத்தைக் கொண்டு நொடியில் சர்க்கரையை அளக்கும் கருவி இல்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சேர்த்துக் கொதிக்கவைத்து, நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை, பச்சையானால் சிறிதளவு, செங்கல் நிறமானால் மிகுதி என்று கண்டுகொள்வதே வழக்கம்.

இத்தகைய நுட்பங்களை மருத்துவர் மட்டுமே அறிந்திருந்தால் போதும் என்று எண்ணிய காலத்தில், நோயாளியும் அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதில் லாரன்ஸ் உறுதியாக இருந்தார். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளவும், சிறுநீரைத் தானே சோதிக்கவும், உணவுக்கும் உழைப்புக்கும் ஏற்ப மருந்தின் அளவைத் தானே சீர்செய்யவும் நோயாளி கற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்றார். ஊசி போட்டுக்கொண்டு உடலுழைப்பில் ஈடுபட்டால் சர்க்கரை விரைந்து இறங்குவதை ஆராய்ந்து, 1926ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நீரிழிவு உடையவர் விளையாடலாம், உழைக்கலாம். ஆனால் அதற்கேற்ப உணவையோ ஊசியையோ மாற்றியமைக்க வேண்டும் என்னும் இன்றைய அறிவுரைக்கு அத்தகைய ஆய்வுகளே அடித்தளம்.

1925ஆம் ஆண்டில் நீரிழிவாளரின் வாழ்க்கை என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மருத்துவர்க்கும் நோயாளிக்கும் ஒருசேரப் பயன்படுமாறு எழுதப்பட்ட அந்நூல் பல பதிப்புகள் கண்டது, பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1929ஆம் ஆண்டில் நோயாளிகளுக்கென்றே அரிச்சுவடி போன்ற எளிய கையேடு ஒன்றையும் எழுதினார். உணவை அளந்து உண்பதற்கு அவர் வகுத்த முறை எழுத்தறிவு குறைந்தவர்க்கும் எட்டக்கூடியது. மாவுப்பொருள் உள்ள உணவுகளைக் கறுப்பு நிறத்திலும், புரதமும் கொழுப்பும் உள்ள உணவுகளைச் சிவப்பு நிறத்திலும் அச்சிட்டார். கறுப்புப் பங்கு ஒன்றும் சிவப்புப் பங்கு ஒன்றும் சேர்ந்தால் ஒரு வரி. இன்னவேளைக்கு இத்தனை வரி என்று மருத்துவர் குறித்துக் கொடுத்தால், அந்த அளவுக்குள் தமக்கு விருப்பமான உணவை நோயாளி தாமே தேர்ந்துகொள்ளலாம். உண்ணாதே என்று தடுத்துவந்த மருத்துவத்தை, அளந்து உண்க என்று மாற்றிய பெருமையில் லாரன்ஸுக்கும் பங்குண்டு.

எழுத்தாளரும் மருத்துவரும் கண்ட சங்கம்

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதை வாங்கப் பொருளில்லாத ஏழைகள் என்செய்வர்? நோய் இருப்பதாலேயே வேலை மறுக்கப்படுவோர் யாரிடம் முறையிடுவர்? இவ்வினாக்கள் லாரன்ஸின் உள்ளத்தை உறுத்தின. அக்காலத்தே உலகப் புகழ்பெற்றிருந்த புதின ஆசிரியர் எச்.ஜி. வெல்ஸ் நீரிழிவு உடையவர்; லாரன்ஸிடம் மருத்துவம் பெற்றுவந்தவர். 1933ஆம் ஆண்டில், கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவை விரிவாக்க நிதி வேண்டி, டைம்ஸ் நாளிதழில் வெல்ஸ் வேண்டுகோள் விடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1934ஆம் ஆண்டில் இருவரும் முன்னின்று நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினர்.

நோயாளிகளும் மருத்துவர்களும் ஒரே அவையில் சமமாக அமர்ந்த சங்கம் அது. செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி நீரிழிவு உடையார் அனைவர்க்கும் இன்சுலினும் கல்வியும் கிடைக்கச் செய்வதும், சமூகத்தில் அவர்கள் தலைநிமிர்ந்து வாழச் செய்வதும் அதன் குறிக்கோள்கள். 1935ஆம் ஆண்டு முதல் உறுப்பினர்களுக்கென இதழ் ஒன்றும் வெளிவரலாயிற்று. அச்சங்கமே பிற்காலத்தில் டயாபடீஸ் யூ.கே. என்னும் பெயருடன் இன்றளவும் பணியாற்றி வருகின்றது. 1950ஆம் ஆண்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தோன்றியபோது அதன் முதல் தலைவராக லாரன்ஸே அமர்த்தப்பட்டார்.

எவர்க்கு எம்மருந்து?

இன்சுலினைப் பற்றிய அச்சங்கள் பலவற்றுக்கும் வேர், எல்லா நீரிழிவும் ஒன்றே என்று கருதுவதாகும். இம்மயக்கத்தைத் தீர்ப்பதிலும் லாரன்ஸுக்குப் பங்குண்டு. 1951ஆம் ஆண்டில் போர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, நீரிழிவாளருள் சிலருடைய இரத்தத்தில் இன்சுலின் அறவே காணப்படவில்லை என்பதையும், சிலருடைய இரத்தத்தில் அது இருந்தும் நோய் உள்ளது என்பதையும் காட்டியது. முதல்வகை, இரண்டாம்வகை என்று இன்று நாம் பகுத்துக் கூறுவதற்கு அவ்வாய்வு துணைநின்றது.

முதல்வகையினர்க்கு இன்சுலின் ஒன்றே உயிர்மருந்து. அதற்கு மாற்று மாத்திரையோ மூலிகையோ இல்லை. அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு இடர் நேரும். இரண்டாம்வகையினர்க்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மாத்திரையும் பல ஆண்டுகள் போதியனவாக இருக்கலாம். 1950களின் நடுப்பகுதியில் நீரிழிவுக்கு மாத்திரைகள் வந்தபோது, இனி ஊசியே வேண்டாம் என்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் அவற்றுள் முதலில் வந்த மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி, அதனிடம் எஞ்சியுள்ள இன்சுலினை வெளிக்கொணர்பவை. கிணற்றில் நீர் இருந்தால்தான் ஏற்றம் இறைத்துப் பயனுண்டு; வற்றிய கிணற்றில் இறைப்பதால் வருவது யாது? இரண்டாம்வகை நீரிழிவிலும் ஆண்டுகள் செல்லச்செல்லக் கணையம் தளர்வது இயல்பு. 1998ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்ட இங்கிலாந்தின் நெடிய ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே மாத்திரை போதாமற்போய் ஊசிக்கு மாறுதல் நோயாளியின் குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை அன்று. உடலிடம் இல்லாத பொருளை வெளியிலிருந்து வழங்கும் செயலே ஆகும்.

ஊசி போட்டபின் கண்ணும் காலும் போயின என்று கூறுவோர், காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக் காண்கின்றனர். பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காது இருந்தமையால் கண்ணின் நுண்குழாய்களும் கால் நரம்புகளும் பழுதுறுகின்றன. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இறுதியில் ஊசியை ஏற்கும் நாளில் அப்பழுது வெளிப்படுகின்றது. பழி ஊசியின்மேல் விழுகின்றது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 முதல்வகை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இன்சுலினைக் கொண்டு சர்க்கரையைச் செவ்வையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறைந்தன என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது.

இன்சுலினிலும் வகைகள் பலவாயின. தொடக்க கால இன்சுலினின் ஆற்றல் சில மணி நேரமே நிலைத்தது. ஆதலால் நாளொன்றுக்குப் பலமுறை ஊசி தேவைப்பட்டது. 1936ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஹேகடார்ன், புரோட்டமின் என்னும் புரதத்தைச் சேர்த்து மெல்லக் கரையும் இன்சுலினை உருவாக்கினார். அதனைத் தம் நோயாளிகளிடம் உடனே ஆராய்ந்து பார்த்த மருத்துவருள் லாரன்ஸும் ஒருவர். பின்னர் மேலும் பல வகைகள் வந்தன. இன்று ஒரு நாள் முழுதும் நின்று செயலாற்றும் இன்சுலினும் உண்டு. உணவுக்குச் சற்றுமுன் போட்டுக்கொள்ளும் விரைவு இன்சுலினும் உண்டு. பேனாவைப் போன்ற கருவியும் மயிரிழை அனைய ஊசியும் வந்துவிட்டமையால் வலியும் பெரிதன்று. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எனக்கு எது பொருந்தும் என்று மருத்துவரைக் கேட்பதே அறிவுடைமை.

மறைத்தலும் மறையாமையும்

நோயை மறைக்கும் மனநிலைக்கும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நாட்டின் அயலுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922ஆம் ஆண்டில் பாண்டிங்கின் கையால் இன்சுலின் பெற்று உயிர்பிழைத்தவர். மணம்புரிந்து, மக்களைப் பெற்று, 1981ஆம் ஆண்டு வரையில் வாழ்ந்தார். ஆயினும் தம் நோயை மிக நெருங்கிய சிலர் தவிர வேறு எவரும் அறியாவண்ணம் மறைத்தே வைத்திருந்தார். அவரைக் குறைகூறுவதற்கில்லை, நோயுற்றவரைக் குறையுடையவராகக் காணும் சமூகத்தின் பார்வையே அவரை அவ்வாறு வாழவைத்தது.

லாரன்ஸ் நிறுவிய சங்கம் அப்பார்வையோடுதான் போரிட்டது. அவரும் மணம்புரிந்து மூன்று ஆண்மக்களுக்குத் தந்தையானவர். நீரிழிவு உடைய பெண்கள் கருவுறுதலே ஆகாது என்று கருதப்பட்ட காலத்தில், அவர்கள் நலமுடன் மகப்பேறு அடைவதற்கான வழிமுறைகளைக் காண்பதில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை முன்னின்றது. அப்பணியில் லாரன்ஸும் பங்குகொண்டார். பெண்ணுக்கு நீரிழிவு என்றால் வாழ்வே முடிந்தது என்று அஞ்சும் பெற்றோர் அறியவேண்டிய செய்தி இது. மறைத்து மணமுடித்தால் அப்பெண் ஊசியையும் மறைத்தே போட வேண்டும், வேளை தவறும், உயிருக்கே ஊறு நேரும். உண்மையை உரைத்து மணமுடித்தால் புகுந்த வீடே அவளுக்குக் காவலாகும்.

நம்மவர் ஐயங்கள் இரண்டு

நம் சமுதாயப் பெரியோர் உள்ளத்தில் எழும் ஐயங்கள் இரண்டினையும் இவ்விடத்தே தெளிவுபடுத்துதல் தகும். முதலாவது, இன்சுலின் எதிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பது. லாரன்ஸின் காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தினின்றே அது எடுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில், மனித இன்சுலினை நுண்ணுயிரியின் துணைகொண்டு உருவாக்கும் முறைக்கு அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் ஏறத்தாழ முழுதும் பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யப்படுவதே. ஆதலால் இவ்வையம் பற்றி ஊசியை மறுப்பதற்கு இன்று இடமில்லை.

இரண்டாவது, ரமலான் நோன்பு. நோயுற்றோர் வேறு நாள்களில் நோன்பை நிறைவுசெய்யத் திருக்குர்ஆன் சலுகை வழங்கியுள்ளது. இன்சுலின் உணவன்று என்பதால் அவ்வூசி நோன்பை முறிக்காது என்பது இன்றைய மார்க்க அறிஞர் பலரின் கருத்து. எனினும் நோன்பிருக்க விரும்புவோர் சில வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, தாம் நோற்கத்தக்கவரா என்பதையும், சஹர், இஃப்தார் வேளைகளில் எவ்வளவு ஊசி என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். முதல்வகை நோயாளி நோன்பைக் காரணங்காட்டி ஊசியை அறவே நிறுத்துதல் எவ்வாற்றானும் ஆகாது. பகலில் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் நோன்பைத் துறந்து உயிரைக் காத்தல் கடமை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதும் நாம் அறிந்ததே.

இறுதி நாள்கள்

இன்சுலின் லாரன்ஸுக்கு நோயில்லா வாழ்வைத் தந்துவிடவில்லை. ஊசியின் அளவு சற்று மிகுந்தாலும், உணவு சற்றுப் பிந்தினாலும் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும் என்னும் உண்மையை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. இன்சுலின் போடுவோர் சர்க்கரையோ இனிப்போ எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். முதுமையில் பக்கவாதமும் அவரைத் தாக்கியது. ஆயினும் தம்மை நாடிவந்த நோயாளிகளைக் காண்பதை அவர் விட்டுவிடவில்லை. 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில், தம் 75ஆம் அகவையில் இலண்டனில் காலமானார். முப்பது வயதைத் தாண்டமாட்டோம் என்று எண்ணியவர், தாம் பணியாற்றிய மருத்துவமனையில் ஒரு தலைமுறை மருத்துவரைப் பயிற்றுவித்து, உலகெங்கும் நீரிழிவாளர் ஒன்றுகூட வழிவகுத்துவிட்டே கண்மூடினார்.

நிறைவாக

லாரன்ஸின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் தெளிவானது. இன்சுலின் நோயின் இறுதிப்படி அன்று. வேண்டிய வேளையில் ஏற்றுக்கொண்டால் அது வாழ்வின் அடுத்த படி. அதனை அஞ்சி மறுப்பவனும், அறியாமல் போட்டுக்கொள்பவனும் ஒருங்கே இழப்புக்கு ஆளாவர். அறிந்து ஏற்பவனே வாழ்வான். இன்சுலின் கிடைக்காமல் மடிந்த எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோர், அம்மருந்தின் ஒரு துளிக்காக எதனையும் கொடுக்க முன்வந்திருப்பர். அது இன்று நம் ஊர் மருந்துக் கடையின் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றது. அதனைக் கண்டு அஞ்சி ஒதுங்குதல் முறையாகுமா?

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர் ஊசிக்கு அஞ்சித் தயங்கி நின்றால், அவரோடு மருத்துவரிடம் செல்லுங்கள். ஊசி போடும் முறையைக் கற்றுக்கொண்டு முதல் சில நாள்கள் அருகிருந்து உதவுங்கள். ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் நீரிழிவு உடைய பிள்ளை இருந்தால், வேளைக்கு உண்ணவும் ஊசி போட்டுக்கொள்ளவும் கூச்சமின்றி இடந்தாருங்கள். சமுதாயப் பெரியோர்களே, நோயை மறைக்க வேண்டிய தேவையே இல்லாத சூழலை நம் தெருக்களிலும் திருமண அவைகளிலும் உருவாக்குங்கள். ராபின் லாரன்ஸுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதனினும் வேறில்லை.